மருந்து கண்ட டாக்டர் சுப்பாராவ்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் பெரியோர் ஒருவரது வாழ்க்கை வரலாறு இடம்பெறுவது வழக்கம். புலவர், பக்தர், தேசத் தொண்டர் எனப் பலரைக் குறித்து அன்பர்கள் இதுகாறும் எழுதியுள்ளனர். இவ்வாண்டு நாம் ஒரு மருத்துவ ஆராய்ச்சியாளரைத் தேர்ந்தெடுத்துக் கொண்டோம். அதற்கு ஒரு காரணம் உண்டு. அதனை முதலிற் கூறிவிடுவதே முறை.

சென்ற ஆண்டு நம் காலனியில் ஒரு வீட்டில், நான்கு வயதுக் குழந்தைக்கு இரத்தப் புற்றுநோய் என்று மருத்துவர்கள் கூறினர். கீமோதெரபி என்னும் மருந்துச் சிகிச்சையை உடனே தொடங்க வேண்டும் என்றும், அது இரண்டு மூன்று ஆண்டுகள் நடைபெறும் என்றும் சொன்னார்கள். வீட்டிலே இரண்டு கட்சிகள் ஏற்பட்டன. தந்தை சிகிச்சைக்கு இசைந்தார். பாட்டனார் இசையவில்லை. தலைமயிர் உதிர்ந்து, வாய் புண்ணாகி, உண்டதையெல்லாம் கக்கிக்கொண்டு குழந்தை வருந்துவதைக் காண்பதினும், உள்ள நாளை வீட்டில் அமைதியாகக் கழிக்க விடுவதே தருமம் என்பது அவர் வாதம். நாமும் அன்று அவ்வீட்டிற்குச் சென்றிருந்தோம். அனுபவசாலி என்று நம்மையும் ஒரு வார்த்தை கேட்டார்கள். நாம் பாட்டனார் பக்கமே பேசினோம். விஷத்தைக் கொண்டு விஷத்தை முறிப்பது குழந்தையின் உடம்பில் செய்து பார்க்கும் காரியமன்று என்று, யாதொன்றும் கல்லாமலே, வெகு நிச்சயமாகப் பேசினோம். நல்லவேளையாக அந்தத் தந்தை நம் பேச்சைக் கேட்கவில்லை.

வீடு திரும்பிய பிறகு நமக்கு உறக்கம் வரவில்லை. அறியாத விஷயத்தில் வாய் திறந்தோமோ என்னும் உறுத்தலால் சில நூல்களைப் புரட்டத் தொடங்கினோம். பாட்டனாரும் நாமும் பேசிய அதே வாதத்தை எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே, அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரத்தில், கற்றறிந்த மருத்துவர்களே பேசியிருப்பதைக் கண்டோம். அந்த வாதத்தின் நடுவே இருந்த மருந்து நம் சென்னையில் படித்த ஒருவரது ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து சென்றது என்பதையும் கண்டோம். அவர்தாம் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள், அக்காலச் சென்னை ராஜதானியைச் சேர்ந்த பீமவரத்திற் பிறந்தார். கோதாவரிப் பாசனத்தால் செழித்த நெல் நாடு அது. எனினும் செழிப்பு அவர் வீட்டு வாசற்படி ஏறவில்லை. தந்தையார் ஜகந்நாதம் ரெவின்யூ இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். உடல்நலக் குறைவால் முன்னரே ஓய்வு பெற்றவர். தாயார் வெங்கம்மா. குழந்தைகள் எழுவர். பள்ளிப் படிப்பில் சுப்பாராவுக்கு நாட்டமில்லை. பதின்மூன்று வயதில், காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பெருஞ்செல்வம் ஈட்டலாம் என்று எண்ணி வீட்டை விட்டே கிளம்பிவிட்டார். வழியிலே பிடித்துக் கொண்டு வந்தார்கள். இந்த வியாபார யோசனை அவருக்கு எங்கிருந்து உதித்ததோ அறியோம். பிற்காலத்தில் கோடிக்கணக்கில் விற்பனையான மருந்துகளைக் கண்டவர் அவற்றால் தமக்கென்று செல்வம் சேர்க்கவில்லை.

தாயார் விடாப்பிடியானவர். மகனைப் படிக்க வைத்தே தீர்வது என்று சென்னைக்கு அனுப்பினார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மூன்றாவது முயற்சியில்தான் சுப்பாராவ் மெட்ரிகுலேஷன் தேறினார். தம் பிள்ளை ஒரு முறை தவறியதற்கே உலகம் இருண்டதாக எண்ணும் பெற்றோர் நம் காலனியில் உண்டு. அவர்கள் இதனைக் குறித்துக் கொள்ளலாம். பின்னர்ப் பிரசிடென்சி கல்லூரியில் இண்டர்மீடியட் படித்தார். அப்போது அவர் உள்ளம் துறவில் ஈடுபட்டிருந்தது. இராமகிருஷ்ண மடத்திற் சேர விரும்பினார். தாயின் அனுமதி வேண்டும் என்றார்கள் மடத்துப் பெரியோர். தாய் அனுமதி தரவில்லை. துறவியாகப் போகாவிட்டால் நோயாளிகளுக்குத் தொண்டு செய்யும் வழியையாவது கற்போம் என்று சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார்.

கல்லூரிச் செலவுக்கு நண்பர்கள் உதவினர். கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி என்பவரும் உதவினார். அவருடைய மகள் சேஷகிரியை 1919-இல் சுப்பாராவ் மணந்தார். அது காந்தியடிகளின் அழைப்பு நாடெங்கும் ஒலித்த காலம். சுப்பாராவ் அன்னியத் துணியை விடுத்து, அறுவைச் சிகிச்சை வகுப்பிலும் கதர் அங்கியே தரித்து வந்தார். ஆங்கிலேயரான அறுவைப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளைச் சிறப்பாகவே எழுதியிருந்தும், இறுதியில் அவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. அரசாங்க மருத்துவ உத்தியோகத்தின் கதவு அத்துடன் அடைபட்டது.

அப்போது அவருக்கு இடம் தந்தது சென்னையில் டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரி. அங்கே உடற்கூறு ஆசிரியராக அமர்ந்தார். ஆயுர்வேத மருந்துகளின் ஆற்றலில் அவருக்கு உண்மையான மதிப்பு ஏற்பட்டது. அவற்றை நவீன சாஸ்திர முறையில் சோதித்து நிலைநாட்ட வேண்டும் என்று விரும்பினார். இதனை நாம் அழுத்திக் கூறுவதற்குக் காரணம் உண்டு. கீமோதெரபியை எதிர்க்கும் நம்மவர் பலர், அது நம் நாட்டு வைத்தியத்தின் அருமை தெரியாத மேல்நாட்டார் கட்டிய முறை என்று கருதுகின்றனர். அம்மருந்துகளுள் மிகப் பழையதும் இன்றளவும் வழங்குவதுமான ஒன்றைச் செய்வித்தவர், ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் ஊதியம் பெற்று வேலை பார்த்தவர்.

அந்நாளில் சங்கிரகணி என்று நம் வைத்தியர்கள் கூறும் கொடிய கழிச்சல் நோய் ஒன்று இருந்தது. மேல்நாட்டார் அதனை ஸ்ப்ரூ என்பர். உண்டது உடம்பில் ஒட்டாது, இரத்தம் வெளுக்கும், நாக்குப் புண்ணாகும், மெலிந்து மெலிந்து மனிதன் மாய்வான். சுப்பாராவின் குடும்பத்தில் அந்நோய் புகுந்து உடன்பிறந்தாரைக் கொண்டு போயிற்று. அவரையும் அது பற்றியதென்றும், டாக்டர் லட்சுமிபதியின் மருந்தால் பிழைத்தார் என்றும் அவர் வரலாற்றை ஆராய்ந்தோர் கூறுவர். அந்நோய்க்கு மருந்து காண வேண்டும் என்னும் எண்ணமே அவரைக் கடல் கடக்கச் செய்தது. காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தருமமும் மாமனாரும் பொருளுதவி செய்ய, 1920-களின் தொடக்கத்தில் அவர் பாஸ்டன் நகரம் அடைந்தார். மூன்றாண்டில் திரும்புவதாக மனைவியிடம் சொல்லிச் சென்றார். திரும்பவேயில்லை. அவர் சென்ற பிறகு பிறந்த மகன், ஒரு வயது நிறைவதற்குள் இறந்தான். தந்தை அக்குழந்தையின் முகத்தைக் கண்டதில்லை.

பிழைப்பு நாடி ஊரை விட்டுப் புனாவுக்கு வந்த நம் போன்றவர்க்கு இந்த இடத்தில் மனம் சற்றே நிற்கும். நமக்கு இரவு இரயிலேறினால் ஊர் வந்துவிடும். அவருக்கு வழியும் இல்லை, காசும் இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்ப நாட்டு நோய் மருத்துவப் பள்ளியில் பகலிற் படித்து, இரவில் ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளிகளின் மலசலப் பாத்திரங்களைக் கழுவி வயிறு வளர்த்தார். மருத்துவப் பட்டம் பெற்றவர் அவ்வேலையைச் செய்தார் என்பதை நம் இளைஞர்கள் எண்ணிப் பார்த்தல் நலம்.

பின்னர் ஹார்வர்டிலேயே உயிர் இரசாயனப் பகுதியில் சைரஸ் ஃபிஸ்க் என்னும் ஆசிரியருடன் பணியாற்றினார். இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு உள்ளது என்று நீல நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு அளக்கும் முறையை இருவரும் 1925-இல் வெளியிட்டனர். ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்ற பெயரில் கல்லூரி மாணவர்கள் அதனைக் கற்று வந்துள்ளனர்; நம் வீட்டுப் பிள்ளைகளுள் உயிர் இரசாயனம் படித்தவர்க்கு அப்பெயர் தெரிந்திருக்கும், அவர் யாரென்பது தெரிந்திராது. 1927-இல் தசைகளில் உள்ள பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருளைக் கண்டனர். 1929-இல் ஏ.டி.பி. என்று சுருங்கக் கூறப்படும் பொருளைப் பிரித்தெடுத்தனர். அதே காலத்தில் ஜெர்மனியில் லோமான் என்பவரும் தனியே அதனைக் கண்டார். தசை சுருங்கும்போது ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றி அதுவரை நோபல் பரிசு பெற்றோர் கூறியிருந்த கொள்கையையே இவை புரட்டிவிட்டன. 1930-இல் ஹார்வர்டு அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது. ஆனால் நிலையான பதவி அளிக்கவில்லை. ஃபிஸ்குக்கும் அவருக்கும் இருந்த உறவு எத்தகையது என்பது குறித்துப் பலவாறு பேசப்படுகிறது. சுப்பாராவ் கண்ட சில பொருள்கள் வெளிவராமலே கிடந்தன என்றும், மற்றவர்கள் பல்லாண்டு கழித்து மீண்டும் அவற்றைக் கண்டுபிடிக்க நேர்ந்தது என்றும் உடன் பணிபுரிந்த பெரியவர் ஒருவரே பின்னாளிற் கூறினார். அந்த வழக்கில் நாம் தீர்ப்புக் கூற வேண்டுவதில்லை.

1940-இல் அவர் ஹார்வர்டை விட்டு, நியூயார்க் மாகாணத்துப் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்திற்குச் சென்றார். விரைவில் அங்கு ஆராய்ச்சித் தலைவரானார். அடுத்த எட்டாண்டுகளில் அங்கு நடந்தவை ஒருவர் வாழ்நாளுக்கு அடங்காதவை. யானைக்கால் நோய்க்கு நாம் உண்டு வந்த ஹெட்ரஸான் மாத்திரை, 1947-இல் அவர் மேற்பார்வையில் உண்டானது. கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கத்தவர்க்கு அதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. முதிய தாவரவியல் அறிஞர் டக்கரைக் கொண்டு மண்ணிலுள்ள நுண்ணுயிர்களை ஆராயச் செய்தார். அதில் கிடைத்த ஆரியோமைசின் 1948 ஜூலையில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. டெட்ராசைக்கிளின் வகை மருந்துகளுக்கெல்லாம் அதுவே மூத்தது. 1897-இல் இந்தப் புனாவைச் சூறையாடிய பிளேக் நோயை இன்று அவ்வகை மருந்துகள் தீர்க்கின்றன. 1994-இல் சூரத்தில் பிளேக் பீதி எழுந்தபோது மக்கள் கடை கடையாய்த் தேடி அலைந்தது டெட்ராசைக்கிளினைத்தான். பிம்பிரியில் 1954-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் தொழிற்சாலையில் வேலை கிடைத்து இவ்வூருக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அங்கே டாக்டர் திருமலாச்சாரும் கூட்டத்தாரும் மண்ணிலிருந்து ஹாமைசின் என்னும் மருந்தைக் கண்டதை அவர்கள் பெருமையுடன் கூறுவர். அவர்களுக்கு இவ்வகை ஆராய்ச்சியின் உழைப்பு இன்னதென்று தெரியும். நிற்க.

நம் கட்டுரைக்கு உரிய பொருள் ஃபோலிக் அமிலம். இதன் கதை அமெரிக்காவில் தொடங்கவில்லை; பம்பாயில் தொடங்குகிறது. லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவப் பெண்மணி 1928-இல் பம்பாய் ஹாஃப்கின் நிலையத்திற்கு வந்து, ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் கர்ப்பிணிகளுக்கு உண்டாகும் கடுமையான சோகையை ஆராய்ந்தார். சில காலம் நம் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் பணி செய்தார். மார்மைட் என்னும் ஈஸ்டுச் சாரத்தைக் கொடுத்தால் அச்சோகை தீர்வதை 1931-இல் வெளியிட்டார். ஈஸ்டிலும் ஈரலிலும் இரத்தத்தை வளர்க்கும் பொருள் ஒன்று இருக்கிறது என்பது உறுதியாயிற்று. அது இன்னதென்று தெரியவில்லை. 1941-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் நான்கு டன் பசலைக் கீரையை அரைத்து வடித்து, அதிலிருந்து சிறிதளவு பெற்று, இலை என்னும் பொருள்பட ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். கீரை தின்னச் சொன்ன நம் பாட்டிமார் சாஸ்திரம் அறியாதவர்கள் அல்லர் என்பது இடைக் குறிப்பு. சுப்பாராவின் குழுவினர் அதனைத் தூய நிலையில் பிரித்து, அதன் அமைப்பை அறிந்து, 1945-இல் இரசாயனக் கூடத்திலேயே செய்து காட்டினர். அதனைக் கொடுத்தவுடன் சங்கிரகணி நோயாளிகள் தேறினர். எந்த நோய்க்கு மருந்து தேடி இளைஞர் சுப்பாராவ் கப்பலேறினாரோ, அந்நோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது. அவர் அத்துடன் நின்றிருந்தாலும் நன்றாகவே நினைக்கப்பட்டிருப்பார்.

புற்றுநோய் அக்காலத்தில் இரண்டு வழிகளால் எதிர்க்கப்பட்டது. ஒன்று கத்தி, மற்றொன்று கதிர். கட்டி ஓரிடத்தில் நின்றால் அறுக்கலாம், அல்லது கதிரால் எரிக்கலாம். இரத்தத்திலே புற்றுநோய் வந்தால் எதை அறுப்பது? குழந்தைகளுக்கு வரும் வேகமான இரத்தப் புற்றுநோயில், நோய் கண்ட சில வாரங்களிலோ சில மாதங்களிலோ மரணம் நேர்ந்தது. ஒன்றும் செய்வதற்கில்லை என்பது முடிந்த முடிபாக இருந்தது. உலகப் போரின்போது, கொல்லும் விஷவாயுவைச் சேர்ந்த நைட்ரஜன் மஸ்டர்டு என்னும் பொருளை 1942-இல் யேல் பல்கலைக்கழகத்தார் நிணநீர்ப் புற்று உடைய ஒருவர்க்குச் செலுத்திப் பார்த்தனர். கட்டி கரைந்தது, பின்னர் மீண்டும் வளர்ந்தது. மருந்தால் புற்றுநோயைத் தீர்க்கலாம் என்போர்க்கும் முடியாது என்போர்க்கும் அந்த ஒரே நிகழ்ச்சி சான்றாக உதவிற்று!

பாஸ்டன் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சிட்னி ஃபார்பர் என்பவர் நோய்க்குறியியல் நிபுணராக இருந்தார். இறந்த குழந்தைகளின் உடலை ஆராய்வதே அவர் தொழில். ஹார்வர்டு நாட்களிலேயே சுப்பாராவை அறிந்தவர். ஃபோலிக் அமிலத்தையும் அதன் வகைகளையும் கொண்டு எலிகளின் கட்டிகள் குறைந்ததாக நியூயார்க்கிலிருந்து செய்தி வந்திருந்தது. சுப்பாராவின் கூடத்தில் அத்தகைய பொருள்களைச் செய்து ஃபார்பருக்கு அனுப்பினர். டெரோப்டெரின் என்பது அவற்றுள் ஒன்று. நோயுற்ற குழந்தைகளுக்கு ஃபார்பர் கொடுத்தார்.

நேர்ந்தது நினைத்ததற்கு மாறு. இரத்தத்தை வளர்க்கும் சத்து, கெட்ட இரத்த அணுக்களையும் வளர்த்துவிட்டதாக ஃபார்பருக்குத் தோன்றிற்று. நோய் தணியவில்லை; விரைந்தது. இந்த இடத்திலே நாம் நூலை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தோம். நல்லெண்ணத்தோடு கொடுத்தது கேடாயிற்று என்று காண்பவன் என்ன செய்வான்? மறைக்கலாம், அல்லது அவ்வழியையே கைவிடலாம். ஃபார்பர் கண்டதைக் கண்டவாறே 1947-இல் எழுதி வெளியிட்டார். அதோடு, வளர்க்கும் பொருள் நோயை வளர்க்குமானால், அப்பொருளை உடம்பில் வேலை செய்யவொட்டாமல் தடுக்கும் பொருள் நோயை வாட்ட வேண்டுமே என்றும் எண்ணினார். அத்தகைய பொருள்கள் சுப்பாராவின் கூடத்திலே ஏற்கெனவே இருந்தன. ஃபோலிக் அமிலத்தைச் செய்யக் கற்றவர்கள், அதில் ஓரணுவை மாற்றியும் ஒரு கிளையை நீட்டியும் அதைப் போன்ற பலவற்றைச் செய்து வைத்திருந்தனர்.

அதன் செயல் முறையைச் சுருங்கச் சொல்லலாம். பூட்டுக்கு ஏற்ற சாவி ஃபோலிக் அமிலம். அதைப் போன்றே வடிவுடைய போலிச் சாவி இந்த எதிர்ப்பொருள். பூட்டினுள் நுழையும், திரும்பாது, வெளியேயும் எளிதில் வராது. உண்மைச் சாவிக்கு அங்கு இடமில்லை. உயிரணு இரண்டாகப் பிரிவதற்கு ஃபோலிக் அமிலத்தின் வேலை இன்றியமையாதது. ஆகவே விரைந்து பெருகும் அணுக்கள் முதலில் மடியும். புற்றணு விரைந்து பெருகுவது. ஆனால் தலைமயிரின் வேரும், வாயின் உட்தோலும், குடலின் உட்புறமும், எலும்பு மச்சையும் கூட விரைந்து பெருகுபவையே. மயிர் உதிர்வதும் வாய் புண்ணாவதும் மருந்து வழி தவறியதால் அல்ல. அதன் வேலையே அது. பாட்டனாரும் நாமும் விஷம் என்றோம். அச்சொல் முற்றிலும் பொய்யன்று.

1947-ஆம் ஆண்டு முடிவில் அமினோப்டெரின் என்னும் எதிர்ப்பொருள் பாஸ்டன் சென்றது. நிற்கமாட்டாமல் வயிறு வீங்கிக் கிடந்த குழந்தைகள் எழுந்தன, உண்டன, விளையாடின. 1948 ஜூன் மாதம் ஃபார்பரும் உடன் பணிபுரிந்தோரும் வெளியிட்ட கட்டுரையில், மருந்து பெற்ற 16 குழந்தைகளுள் 10 பேர் நோய் தணியப் பெற்றதாகக் கூறினர். அந்தத் தணிவு தற்காலிகமானது என்பதையும் மறையாமல் எழுதினர். சில மாதங்களில் நோய் திரும்பிற்று. குழந்தைகள் இறந்தன.

வாதம் கடுமையாக எழுந்தது. அந்த ஆஸ்பத்திரியிலேயே குழந்தை மருத்துவர் பலர் ஃபார்பரை எதிர்த்தனர். சாகப் போகும் குழந்தையைச் சோதனைப் பொருளாக்குவது கொடுமை என்றனர். இரத்தம் எடுப்பதும் எலும்பு மச்சையைக் குத்தி எடுப்பதுமாக அதன் கடைசி நாட்களை வதையாக்குகிறோம் என்றனர். மூன்று மாதம் கூட்டி என்ன பயன், பெற்றோர்க்கு ஒரு முறைக்கு இரு முறை துக்கம் அல்லவா என்றும் கேட்டனர். இவர்களைக் கல் நெஞ்சர் என்றோ மூடர் என்றோ நாம் எண்ணலாகாது. அன்றைக்கு இருந்த கணக்கின்படி அவர்கள் கூறியதே சரி. அதுவரை ஒரு குழந்தையேனும் பிழைத்ததில்லை. மற்றொரு பக்கத்தார்க்கு இருந்த விடை ஒன்றே: இதற்கு முன் இந்நோய் எந்த மருந்துக்கும் அசைந்ததில்லை, இப்போது அசைந்தது.

அதே காலத்தில் அமெரிக்கரின் அன்புக்குரிய பேஸ்பால் ஆட்டக்காரர் பேப் ரூத்துக்குத் தொண்டைப் பக்கத்தில் புற்றுநோய் கண்டது. 1947-இல் அவருக்கு லெடர்லியின் டெரோப்டெரினைக் கொடுத்தனர். கதிர்ச் சிகிச்சையும் பெற்றிருந்த அவர் சிறிது தேறினார், எடை கூடினார். பின்னர் நோய் மேலோங்கிற்று. 1948 ஆகஸ்டு 16-ஆம் நாள் காலமானார்.

அதற்குச் சில நாள் முன்பு, அதே ஆகஸ்டு மாதத்தில், சுப்பாராவும் காலமானார். வேலை முடிந்து வீடு சென்று படுத்தவர் உறக்கத்திலேயே மாரடைப்பால் மறைந்தார். வயது 53. ஆண்டுகள் பல அந்நாட்டில் வாழ்ந்தும் அமெரிக்கக் குடியுரிமை பெறாமலே இறந்தார். அவர் கண்களை மூடிய நாளில், கீமோதெரபியைப் பற்றிய வழக்கு அவருக்கு எதிராகவே நின்றது. அவருடைய மருந்தால் நிலையாகப் பிழைத்தவர் என்று காட்ட ஒருவரும் இல்லை. நாம் இவரைத் தேர்ந்ததற்கு இதுவும் காரணம். வெற்றி கண்ட பின் வாழ்ந்தவர்களைப் பற்றி எழுதுவது எளிது.

பின் நடந்தவற்றை விரைந்து கூறுவோம். அமினோப்டெரினை ஒட்டி அதே கூடத்தில் செய்த மெதோட்ரெக்ஸேட் என்னும் பொருள், அதனினும் கையாளுவதற்கு ஏற்றதாக இருந்தமையால் அதன் இடத்தைப் பெற்றது. 1956-இல், மின் சியூ லீ என்னும் சீன மருத்துவரும் ராய் ஹெர்ட்ஸும் கர்ப்பப்பையில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோய்க்கு அதனைக் கொடுத்தனர். நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்த பெண்கள் பிழைத்தனர். கட்டி மறைந்த பிறகும், இரத்தத்தில் நோயின் அடையாளம் அறவே மறையும் வரை லீ மருந்தை நிறுத்தவில்லை. நோயில்லாதவர்க்கு மருந்து கொடுத்து வதைக்கிறார் என்று மேலதிகாரிகள் அவரைப் பதவியிலிருந்து நீக்கினர். பின்னரே, அவர் நிறுத்தாமற் கொடுத்த பெண்களுக்கு நோய் திரும்பவில்லை என்பதைக் கண்டனர். 1972-இல் அமெரிக்காவின் உயர்ந்த மருத்துவப் பரிசான லாஸ்கர் பரிசைப் பெற்றோருள் அவரும் ஒருவர்.

குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு ஒரு மருந்து போதவில்லை. 1960-களில் ஃப்ரைரைக், ஃப்ரை என்னும் இருவர் நான்கு மருந்துகளை ஒருங்கே கொடுத்தனர். மெதோட்ரெக்ஸேட் அவற்றுள் ஒன்று. மெம்பிஸ் நகரத்து டாக்டர் பிங்கல், மூளையில் ஒளிந்துகொள்ளும் நோயையும் தேடி அழித்து, மருந்தை இரண்டு மூன்று ஆண்டு விடாமற் கொடுக்கும் முறையை வகுத்தார். அந்தப் பத்தாண்டின் முடிவில் பாதிக் குழந்தைகள் பிழைக்கும் நிலை வந்தது. இன்று செல்வ நாடுகளில் அந்நோயுற்ற பத்துக் குழந்தைகளுள் ஒன்பது பிழைக்கின்றன. நம் நாட்டில் அந்த அளவு இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையமும், 1941-இல் பம்பாயில் தோன்றிய டாட்டா நினைவு ஆஸ்பத்திரியும் இத்துறையில் செய்த பணி பெரிது. ஆயினும் நடுவிலே சிகிச்சையை நிறுத்திக் குழந்தையை அழைத்துச் சென்றுவிடும் குடும்பங்கள் இங்கு அதிகம். தலைமயிர் உதிர்ந்ததும், பணம் தீர்ந்ததும், அல்லது நோய் தணிந்து குழந்தை ஓடியாடத் தொடங்கியதும், இனி எதற்கு என்று நிறுத்திவிடுகின்றனர். இந்த மூன்றாவது காரணமே மிகவும் வஞ்சகமானது. பாஸ்டன் குழந்தைகளும் அவ்வாறு ஓடியாடியவர்களே.

மருந்தை எதிர்ப்போர் பக்கத்தில் இன்னும் நியாயம் உண்டு. எல்லாப் புற்றுநோய்க்கும் கீமோதெரபி ஒரே அளவில் பயன்படுவதில்லை. சிலவற்றை அது தீர்க்கிறது. சிலவற்றில் அறுவைக்குத் துணை நிற்கிறது. முற்றிய சிலவற்றில் சில மாதங்களைக் கூட்டுகிறது, அம்மாதங்களின் விலையும் அதிகம். எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் வேண்டாம் என்று மறுப்பதும், நான்கு வயதுக் குழந்தைக்காக மற்றவர் மறுப்பதும் ஒன்றல்ல. எந்த நோய், எந்த நிலை, பிழைத்தவர் எத்தனை பேர் என்று மருத்துவரை நேரே கேட்டுத் தெரிந்துகொண்டபின் வீட்டிலே வாதிப்பது ஏற்றது. நாம் அன்று ஒன்றும் கேளாமலே வாதித்தோம்.

சுப்பாராவின் பெயர் சில இடங்களில் நிலைத்தது. 1953-இல் ஒரு பூஞ்சைக்கு அவர் பெயரைச் சூட்டி சுப்பாரோமைசிஸ் ஸ்ப்ளெண்டன்ஸ் என்றனர். 1995-இல் நூற்றாண்டின்போது இந்திய அரசாங்கம் தபால் தலை வெளியிட்டது. நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. ஊரில் காத்திருந்த சேஷகிரி அம்மையாருக்குக் கணவர் திரும்பவேயில்லை.

நம் காலனிக் குழந்தைக்கு இப்போது சிகிச்சையின் கடைசிப் பகுதி நடைபெறுகிறது. மயிர் முளைத்துவிட்டது, முன்னிலும் சுருளாக முளைத்திருக்கிறது என்று தாயார் சொன்னார். வாரம் ஒரு நாள் மெதோட்ரெக்ஸேட் மாத்திரை. அதே வீட்டில் பாட்டியம்மாளுக்கு மூட்டு வாதம். அதற்கும், மிகக் குறைந்த அளவில், வாரம் ஒரு நாள் அதே மாத்திரையை மருத்துவர் கொடுத்திருக்கிறார். நாள்தோறும் உண்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால் பாட்டனார் நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்துக்கொண்டு, தாமே எடுத்துக் கொடுக்கிறார். அதன் கொடுமை பாட்டியம்மாளைத் தாக்காதிருக்க வேறொரு நாளில் ஃபோலிக் அமிலமும் உண்டு. சென்ற வாரம் சென்றிருந்தபோது அந்த டப்பாவைத் திறந்து காட்டினார். இரண்டும் மஞ்சள் நிறம். இரண்டும் பேர்ல் ரிவரில் ஒரே கூடத்தில் உருவானவை. அதை அவரிடம் சொன்னோம். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டையும் உள்ளங்கையில் வைத்து வெகு நேரம் பார்த்தார். பிறகு, மாறிப் போய்விடப் போகிறது என்று, இரண்டையும் தனித்தனியே பத்திரமாக எடுத்து வைத்தார்.